பைத்தியத் தேன் விளையும் மலைப்பாதை

துருக்கியின் கருங்கடல் கரையோர மலைகளில் எடுக்கப்படும் ஒருவகைத் தேன் தொண்டையைக் காந்தும். அளவு மீறினால் ஆளையே சாய்த்துவிடும். உள்ளூரில் அதற்கு 'டெலி பால்' என்று பெயர். துருக்கி மொழியில் 'பால்' என்றால் தேன், 'டெலி' என்றால் பைத்தியம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலைவாசிகள் இதைக் கொண்டே ஒரு ரோமானியப் படையை வீழ்த்தினார்கள்.

அந்த மலைகளுக்கான வழி டிராப்சான் துறைமுகத்தில் தொடங்குகிறது. பழைய கிரேக்கக் குடியேற்றமான டிராபெசுஸ்தான் இன்றைய டிராப்சான். அங்கிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ. போனால் மாச்கா என்ற சிற்றூர். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுமேலா மடாலயம். மறுபக்கம் 2,000 மீட்டருக்கு மேல் ஏறும் சிகானா கணவாய். கடலிலிருந்து எழும் மேகம் மலையில் முட்டி ஓயாமல் பெய்வதால் சரிவெங்கும் பசுமை. வசந்தத்தில் அந்தப் பசுமைக்குள் ஊதாவும் மஞ்சளுமாக ரோடோடென்ட்ரான் பூக்கும். நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் செக்கச்செவேலென்று பூக்கும் மரமும் இதே பேரினம்தான். சுமேலாவுக்குப் போகிறவர்கள் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள். வழியிலுள்ள புதர்களைப் பார்ப்பவர் குறைவு. இந்தக் கதைக்கு முக்கியம் அந்த ரோடோடென்ட்ரான் புதர்கள்தான். பைத்தியத் தேன் அவற்றின் பூக்களிலிருந்து வருகிறது.

இன்றைய பயணி கடலை விட்டு மலை ஏறுகிறார். பண்டைய எழுத்தாளரும் படைத்தலைவருமான செனபோனின் கிரேக்கக் கூலிப்படை எதிர்த்திசையில் வந்தது. பாரசீக இளவரசன் சைரஸ் தன் அண்ணனிடமிருந்து அரியணையைப் பறிக்க அமர்த்திய படை அது. கி.மு. 401இல் குனாக்சாவில் சைரஸ் மாண்டதும், அந்நிய மண்ணில் சிக்கிய வீரர்கள் மாதக்கணக்கில் நடந்து, பனியில் விரல்களை இழந்து, இந்த மலைகளைக் கடந்தார்கள். டிராபெசுஸ் பக்கத்து ஊர்களில் தேன்கூடுகள் ஏராளம். பசித்தவர்கள் விடுவார்களா? தின்றவர்கள் வாந்தியும் பேதியுமாக நிற்க முடியாமல் விழுந்தார்கள். கொஞ்சம் தின்றவர் குடிகாரர்போலவும், அதிகம் தின்றவர் பித்துப் பிடித்தவர்போலவும் ஆனதாகச் செனபோன் எழுதியிருக்கிறார். யாரும் சாகவில்லை. மறுநாள் புத்தி தெளிந்தது. மூன்றாம் நான்காம் நாளில் எழுந்து நடந்தார்கள்.

இங்கே எவரும் எவருக்கும் விஷம் வைக்கவில்லை. அது பசியால் வந்த விபத்து. தேனை ஆயுதமாக்கியவர்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து வந்தவர்கள்.

கி.மு. 60களில் ரோமானியத் தளபதி பொம்பேயுஸ், பொன்டஸ் அரசன் மித்ரிடேட்ஸை விரட்டிக்கொண்டு இப்பகுதிக்கு வந்தார். இந்த மலைகளில் 'ஏழூரார்' என்று பொருள்படும் ஹெப்டகோமெட்டே மக்கள் இருந்தார்கள். மரங்களிலும் மரக்கோபுரங்களிலும் குடியிருந்து, வழிப்போக்கர்மீது மேலிருந்து குதிப்பவர்கள். ரோமானியர் வரும் பாதையில் பைத்தியத் தேன் கலந்த கலயங்களை அவர்கள் வைத்தார்கள். குடித்துச் சுருண்டவர்கள்மீது பாய்ந்து மூன்று படைப்பிரிவுகளை வெட்டிச் சாய்த்தார்கள். இதைச் சொல்பவர் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ. இதே பொன்டஸ் நாட்டு அமாசியாவில் பிறந்தவர் என்பதால் அவர் வார்த்தைக்குக் கூடுதல் எடை உண்டு. ஆனால் தேன் மரக்கிளைகளிலிருந்து கிடைப்பதாக எழுதிய இடத்தில் சறுக்கிவிட்டார்.

கொன்றது தேன் அல்ல, வாள்தான். படையைச் சில மணி நேரம் படுக்கவைப்பதோடு தேனின் வேலை முடிந்தது. எறிய வேண்டாம், குறிபார்க்க வேண்டாம். எதிரியே எடுத்து வாயில் ஊற்றிக்கொள்வான். செனபோனின் நூல் ரோமில் படித்தவர்களுக்குத் தெரிந்த நூல். அப்படியிருந்தும் வழியில் கிடந்த கலயத்தை ஒருவரும் சந்தேகிக்காதது வியப்புத்தான்.

இந்த மயக்கத்துக்கு ரோடோடென்ட்ரான் பூந்தேனில் உள்ள கிரேயனோடாக்சின் என்ற நச்சுதான் காரணம். நரம்பு, தசை அணுக்களில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்து மூட வேண்டியவை. இந்த நச்சு ஒட்டிக்கொண்டால் அவை மூடாமல் நிற்கும். இதயத் துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் சரியும், தலை சுற்றும். பல பூக்களின் தேன் கலந்தால் வீரியம் மங்கும். ரோடோடென்ட்ரான் மட்டுமே பூத்துக் கிடக்கும் சரிவுகளின் வசந்தகாலத் தேன்தான் கடுமையானது. பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுவதாக இன்றைய மருத்துவம் சொல்கிறது. செனபோனின் வீரர்களுக்குப் புத்தி தெளிந்த கணக்கும் ஏறத்தாழ அதுவே.

ரத்த அழுத்தத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் நல்லது என்று நம்பி இன்றும் அங்கே இதைச் சாப்பிடுகிறார்கள். அளவு தெரியாமல் மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு நரம்புவழித் திரவமும், துடிப்பை மீட்க அட்ரோபினும் கொடுக்கிறார்கள். மனிதர் மட்டும் என்றில்லை. 2022 ஆகஸ்டில், மேற்கே டூஸ்ஜே மாகாணக் காட்டில், இந்தத் தேனை அளவுக்கு மீறித் தின்ற கரடிக்குட்டி ஒன்று மயங்கிக் கிடந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சிகிச்சை தந்து, தெளிந்ததும் காட்டிலேயே விட்டுவிட்டார்கள்.