110 உம் 1990 உம்

கொழும்பில் விபத்து நேர்ந்தால் 110 ஐ அழைக்கலாம். தீயை அணைக்கும் மாநகர சபைப் படையினரே நோயாளர் காவு வண்டியுடனும் வருவார்கள். வண்ணாத்திவில்லிலே பாம்பு தீண்டியவரை முச்சக்கர வண்டியிலோ, அயலவரின் மோட்டார் சைக்கிளில் நடுவே இருத்தியோ புத்தளம் வைத்தியசாலைக்குக் கொண்டோடுவதே நான் அறிந்த வழக்கம்.

2016 ஜூலையில் இந்திய நன்கொடையான 88 வண்டிகளுடன் மேல், தென் மாகாணங்களில் 1990 சுவசரிய சேவை தொடங்கியது. அப்போது பத்திரிகையாளர்களாகிய எங்களிடையே பேச்செல்லாம் அதன் அரசியலைப் பற்றித்தான். வைத்தியர் சங்கம் எதிர்த்தது. இந்தியா உளவு பார்க்க வருகிறது என்றும் சிலர் சொன்னார்கள். நோயாளியிடம் ஒரு சதமும் வாங்கமாட்டார்கள் என்ற செய்தி அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. 2018 இல் வடக்குக்கும், பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்து 297 வண்டிகளாயின.

வண்டியில் வரும் உதவியாளர் ஒட்சிசன் கொடுப்பார், குருதிப் பெருக்கை அடக்குவார். விஷமுறி மருந்தோ வைத்தியசாலையில்தான் ஏற்றப்படும். ஆகவே காட்டோரத்து வீட்டை வண்டி எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறது என்பதிலேயே உயிர் இருக்கிறது. வீட்டிலக்கமில்லாத ஒழுங்கைகளில் பள்ளிவாசலையும் குளக்கட்டையும் சொல்லித்தான் வழிகாட்ட வேண்டும். பிரதான வீதிக்கு ஒருவரை அனுப்பி நிறுத்துங்கள் என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் கைப்பேசியில் 1990 க்குக் கீழே அவ்வூர் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரின் இலக்கமும் இருக்கிறது.