புறக்கோட்டையில் ஒரு பகல்

புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ஒரே வேலைக்காகப் போவதில்லை. அவர் போகும் செய்தி பரவினால் போதும். பக்கத்து வீட்டு உம்மாவின் மூக்குக் கண்ணாடியும் எதிர்வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பமும் அவர் பைக்குள் வந்துவிடும். அண்மையில் நான் புறப்பட்டபோதும் அப்படித்தான். பெரிய அமானிதம், எங்கள் குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் 42 பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பர்தாத் துணி வாங்குவது. முட்டை விற்றும் சீட்டுப் பிடித்தும் தாய்மார் தலைக்கு 900 ரூபாவாகச் சேர்த்துத் தந்த 37,800 ரூபா என் கையில் இருந்தது.

காரியாலய வேலைகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வரிசையில் நிற்பதே அங்கு வேலை.

புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம், பார்ஸிக் குடும்பமொன்று தம் தந்தையின் நினைவாக 1923இல் எழுப்பியது. அதைத் தாண்டினால் தெருவுக்கொரு வியாபாரம். செட்டியார் தெருவில் நகை, கெய்சர் வீதியில் புடைவை, மலிபன் வீதியில் கொப்பி, காகிதம், நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, வெங்காயம், பருப்பு. மூட்டையேற்றிய வண்டிகளை இழுத்துவரும் நாட்டாமிமாருக்கு வழிவிடாமல் ஓரடி நகர முடியாது.

பிள்ளைக்கு இரண்டரை மீற்றர் வீதம் 105 மீற்றர் தேவை. முதற் கடையில் மீற்றர் 350 ரூபாதான். ஆனால் துணிக்கு அடியில் கையை வைத்தால் விரல் தெரிந்தது. பர்தாவுக்கு அது உதவுமா, சகோதரிகளே? இரண்டாம் கடையில் துணி நல்லது, விலை 390. அரைமணி நேரம் பேசி 365க்கு இறக்கினேன். அப்போதும் 525 ரூபா குறைந்தது. என் பகற்சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசு அதோடு சேர்ந்தது. பஸ் காசு போக மீதி சொற்பமே.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளியில் ளுஹர் தொழுதேன். 1908இல் கட்டத் தொடங்கி மறுவருடம் முடிந்த பள்ளி அது. வெளியே எத்தனை இரைச்சலானாலும் ஹவுளில் கால் கழுவும்போது மனம் ஆறுகிறது.

பிறகு, ஓதிய காலத்தில் சாப்பிட்ட சந்துக் கடையைத் தேடிப் போனேன். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபின் அடையாள அட்டையில்லாமல் தெருவில் இறங்க முடியாத நாட்கள் அவை. வாப்பா அனுப்பும் காசுக் கட்டளை பிந்தும். அப்போது அந்தக் கடை நானா மதரஸாப் பிள்ளைகளின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதுவார். மாதக் கடைசியில் நாங்கள் நான்கு பேர் இரண்டு சாப்பாடு எடுத்து, ஒரே தட்டில் கொட்டிச் சாப்பிடுவோம். ஈரல் களியா வாங்கக் காசிராது. அதன் குழம்பை மட்டும் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போவார்.

கடை இருந்தது. மேசையெல்லாம் புதிது. காசு மேசையில் அவருடைய மகன்.

"வாப்பா எப்படி இருக்கார்?" என்றேன்.

"மௌத்தாகி ஆறு வருஷமாச்சு ஹஸரத்."

பருப்பும் மாசிச் சம்பலும் வைத்த சோறு போதுமென்றேன். பையனொருவன் களியாக் கிண்ணத்தோடு வந்தான். வேண்டாமென்று கையை மறித்தேன். "குழம்பு மட்டும்தான் ஹஸரத்" என்று ஊற்றினான். அந்தப் பையனுக்கு இருபது வயதும் இராது. நானாவைக் கண்டிருப்பானோ என்னவோ. யா அல்லாஹ், அவருடைய கப்றை விசாலமாக்குவாயாக என்று துஆச் செய்தபடியே சாப்பிட்டேன். தொண்டையில் சோறு இறங்கச் சற்று நேரமாயிற்று. பழைய கொப்பியைப் பற்றி மகனிடம் கேட்டேன். ஜனாஸாவுக்கு முதல் நாள் வாப்பாவே அதைக் கிழித்துப்போடச் சொன்னாராம்.

துணிக்கட்டைப் பெஸ்டியன் மாவத்தைக்குக் கொண்டுவர நாட்டாமி ஒருவர் உதவினார். ஊர் சேரும்போது இஷாவும் முடிந்திருந்தது. தையல் தெரிந்த இரண்டு தாய்மார் மறுநாளே வெட்டத் தொடங்கினார்கள். கடைக்காரர் அளந்ததில் அரை மீற்றர் கூடவே இருந்ததாம்.