வெற்றிப் பட்டியலில் தெரியாதவை

விளையாட்டுக் குழு ஒன்றின்மீது பற்றுக் கொண்டவன் இருவகைக் கணக்குகளை வைத்திருப்பான். நாளேட்டில் அச்சாகும் வெற்றி தோல்விப் பட்டியல் ஒன்று. ஆட்டத்தைக் கண்ணால் கண்டு மனத்துள் எழுதிக்கொள்ளும் குறிப்பு மற்றொன்று. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போகாத நேரத்தில் எதை நம்புவது என்பதே உண்மையான ரசிகனுக்கு வரும் சோதனை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கூடைப்பந்துக் குழுவான பிஸ்டன்சின் ரசிகர்கள் அச்சோதனையை அண்மை ஆண்டுகளில் முழுமையாகக் கண்டவர்கள்.

பிஸ்டன்ஸ் வரலாறற்ற குழுவன்று. இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில், இயந்திரங்களுக்கான பிஸ்டன்களைச் செய்த ஆலையின் உரிமையாளர் ஃபிரெட் சோல்னர் அதனைத் தோற்றுவித்தார். 1957இல் அது டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. கார்த் தொழிலால் வாழ்ந்த நகருக்கு அப்பெயர் இயல்பாகவே பொருந்தியது. 1989, 1990, 2004 ஆகிய ஆண்டுகளில் அக்குழு வாகை சூடியது. குறிப்பாக 2004இல், ஷாக்கில் ஓநீல், கோபி பிரயண்ட் போன்ற பெரும்புகழ் வீரர்களைக் கொண்ட லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்சை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தியது. தனிப் பேராற்றலைவிடக் கூட்டு உழைப்பே பெரிது என்று அந்நகரத்தார் இன்றளவும் பெருமையுடன் சொல்வதற்கு அவ்வெற்றியே சான்று.

அத்தகைய குழு 2023-24ஆம் பருவத்தில் கண்டது பெருவீழ்ச்சி. முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்ற குழு, அதன்பின் தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்றது. பட்ட காலிலே படும் என்பது பழமொழி. இங்கோ இரண்டு மாதம் ஓயாமல் பட்டது. உள்ளூர் அரங்கிலேயே, குழுவை விற்றுவிடுமாறு உரிமையாளரை நோக்கிக் கூட்டம் முழக்கமிட்டது. 2023 டிசம்பர் 30ஆம் நாள் டொரோண்டோவை 129-127 என வென்றபோதுதான் அத்தொடர் முடிந்தது. பருவ இறுதியில் 82 ஆட்டங்களில் 14 வெற்றி, 68 தோல்வி என்பதே பதிவு.

இவ்வளவு தோல்விக்குப் பிறகும் ஒருவன் குழுவைக் கைவிடாதிருப்பது அறியாமையா, பற்றா? விடை அவன் எதைக் கண்டான் என்பதைப் பொறுத்தது. தொடரின் 27ஆம் தோல்வியில், 22 வயதுக் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் எடுத்தார். அதற்கு முந்தைய பருவத்தில் கால் அறுவை சிகிச்சையால் 12 ஆட்டங்களே ஆடியவர் அவர். பட்டியலில் அந்நாள் ஒரு தோல்வி மட்டுமே. பார்த்தவன் மனத்திலோ, தோற்கும் குழுவிலும் ஒருவன் தன் கடமையில் தளரவில்லை என்ற குறிப்பும் பதிந்தது. தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே நோக்கும் மேலதிகாரிக்கும், மாணவனின் ஏட்டைத் திறந்து பார்க்கும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

ஆனால் பற்று, தீய ஆசை ஒன்றுக்கும் இடங்கொடுக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில், தாழ்ந்த நிலையில் முடித்த குழுக்களுக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும். ஆதலால், தோற்றாலும் நன்மைதான் என்று எண்ணும் ரசிகர்கள் உண்டு. வேண்டுமென்றே தோற்பதைக் குறைப்பதற்காகவே 2019 முதல், கடைசி மூன்று குழுக்களுக்கும் முதலிடம் பெறும் வாய்ப்பு சமமாக 14 விழுக்காடு எனக் குலுக்கல் முறை திருத்தப்பட்டது. பிஸ்டன்ஸ் 2023இலும் 2024இலும் கடைசியிடத்தில் முடித்தும், இருமுறையும் குலுக்கலில் கிடைத்தது ஐந்தாம் இடமே. தோல்வியை முதலீடாக்கி எதிர்காலத்தை வாங்கிவிடலாம் என்ற எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தின.

உயர்வு வேறு வழியில் வந்தது. 2024 கோடையில் நிருவாகப் பொறுப்பு டிராஜன் லாங்டனிடம் வந்தது. பயிற்றுநராக ஜே. பி. பிக்கர்ஸ்டாஃப் அமர்ந்தார். டோபையாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே போன்ற பழுத்த அனுபவசாலிகள் சேர்ந்தனர். இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கன்னிங்ஹாம், ஜேலன் டியூரன், ஐசையா ஸ்டூவர்ட், ஆசார் தாம்சன் ஆகியோர் 28 தோல்விகளைச் சுமந்த அதே இளைஞர்களே. கருவைக் கலைக்காமல், அதைச் சூழ்ந்த குறைகளையே நிருவாகம் களைந்தது. தொலைவிலிருந்து கூடையில் எறிய வல்லவர்கள் வந்ததால், கன்னிங்ஹாமுக்கு ஆடுகளத்தில் இடம் விரிந்தது. தற்காப்பில் ஒழுங்கு பிறந்தது. 2024-25இல் 44 வெற்றி, 38 தோல்வி எனக் குழு நிமிர்ந்தது. 14 என்பது ஒரே ஆண்டில் மும்மடங்குக்கும் மேலாயிற்று.

2025 ஏப்ரலில் நியூயார்க் நிக்சுக்கு எதிரான தகுதிச் சுற்றில், இரண்டாம் ஆட்டத்தை 100-94 என வென்றது. 2008க்குப் பிறகு அச்சுற்றுகளில் பிஸ்டன்ஸ் பெற்ற முதல் வெற்றி அது. இடையே தொடர்ந்து 15 தோல்விகள். எனினும் தொடரை நான்குக்கு இரண்டு என இழந்தது. சொந்த ஊரில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றது; இரண்டு, ஒன்று, மூன்று என்பவையே புள்ளி வேறுபாடுகள். மூன்றையும் கூட்டினால் ஆறு புள்ளிகள்! அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லி ரசிகன் தன்னைத் தேற்றிக்கொள்வது எளிது. ஆயினும் மூன்று முறை ஒரே இடத்தில் இடறியவனுக்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இறுதி நிமிடங்களில் நிதானம் போதவில்லை; ஒருவரையே நம்பிய தாக்குதல் எதிரிக்குக் கணிக்க எளிதாயிற்று; பந்தைப் பறிகொடுத்தலும் மிகுதி. தோல்வியில் நற்குறியைக் கண்டவன், வெற்றியில் குறையைக் காணவும் கடமைப்பட்டவன்.

எதிர்காலம் எவ்வாறு? 2025 நவம்பரில் இக்குழு தொடர்ந்து 13 ஆட்டங்களில் வென்று, தன் பழைய சாதனையைச் சமன் செய்தது. தோல்வித் தொடர் முடிந்து ஈராண்டும் நிறைவுறாத நேரம் அது. அது கண்டு மயங்கி, வாகை கைக்கெட்டிவிட்டது எனக் கொண்டாடினால், 28 தோல்விகளைக் கண்டு எல்லாம் முடிந்தது என்று ஓலமிட்டவனுக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை. வாடகைக்கு வந்த அனுபவம் நிலைப்பதில்லை. ஹார்டவே ஒரே பருவத்தில் டென்வருக்குப் போய்விட்டார். காயங்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை; ஜேடன் ஐவி 2025 புத்தாண்டு நாளன்று கால் முறிந்து பருவத்தையே இழந்தார். ஆகவே, இக்குழுவின் நாளை, கன்னிங்ஹாம் ஒருவரின் கையில் இல்லை. அவருடன் வளர்ந்த இளைஞர்களில், நெருக்கடியில் பந்தைத் துணிந்து கேட்டுப் பெறுபவர் இன்னும் ஒருவராவது உருவாகிறாரா என்பதிலேதான் இருக்கிறது. ரசிகன் கூர்ந்து நோக்க வேண்டியது அதனையே.

2013இல் கடன் சுமையால் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் விண்ணப்பித்த நகரம் டெட்ராய்ட். வீழ்ந்தவர் எழுவர் என்பது அங்கு அலங்காரச் சொல் அன்று. அன்றாட வாழ்வின் தேவை. அந்நகரத்து ரசிகன் தன் குழுவிடம் ஆண்டுதோறும் வாகை கேட்பதில்லை. நேற்றைவிட இன்று ஓர் அடி முன்னே வைத்திருக்கிறதா என்றே கேட்கிறான். அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும் என்பதை நம்புகிறவன், அம்மி நகரவில்லையே என்று முதல் அடியிலேயே கையை உதறுவதில்லை; சற்றே நகர்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிடுவதும் இல்லை. எண்ணிக்கை ஆண்டின் முடிவைச் சொல்லும். வளர்ச்சியை அறிய, நாள்தோறும் உடனிருந்து பார்த்த கண்கள் வேண்டும்.