பாரி வென்ற கதை

நெடுநாள் எதிர்நோக்கிய பொருள் கைவந்த போழ்து உள்ளம் முழுதும் மகிழாமையும் உலகத்து இயல்பே. சு. வெங்கடேசன் இயற்றிய 'வீரயுக நாயகன் வேள்பாரி' என்னும் நெடுங்கதை எனக்கு அத்தகையதாயிற்று.

2016-ஆம் ஆண்டில் அஃது ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கிற்று. 2018 வரை, நூறு வாரங்களுக்கு மேலாக, இதழ் வரும் நாளில் சாமல்பட்டிக் கடைத்தெருவில் யான் காத்து நிற்பேன். கபிலருடன் யானும் பறம்புமலை ஏறினேன். எஞ்ஞான்றும் வடக்கு நோக்கியே அமரும் தேவவாக்கு விலங்கையும், அதனைக் கடலோடும் கலங்களுக்குத் திசைகாட்டியாக்க விழைந்த பாண்டியனையும் கண்டு வியந்தேன். வேந்தரால் அழிவுற்றுப் பறம்பில் அடைக்கலம் புகுந்த குடிகள், கொற்றவை விழாவில் தத்தம் வரலாற்றைக் கூத்தாக நிகழ்த்தும் பகுதியே எனக்கு மிக உவப்பாயிற்று. முடியரசர் கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, மலைமக்களின் அறிவையும் அறத்தையும் நடுவண் வைத்த கதை பெருவிருந்தன்றோ?

ஆயினும் வாரந்தோறும் ஓர் அச்சம் என்னைத் தொடர்ந்தது. புறநானூறு பயின்றோர் யாவரும் பாரியின் முடிவை அறிவர். மூவேந்தரின் முற்றுகையையும், தந்தையையும் குன்றையும் இழந்த மகளிரின் பாட்டையும், அம்மகளிரோடு கபிலர் அலைந்த துயரத்தையும் எவ்வாறு படிப்பேன் என்று கலங்கினேன். கதையோ பாரியின் வெற்றியோடு நிறைவுற்றது. அன்று யான் மகிழ்ந்தேன்; பொய் கூறேன். மறுநாள் புறநானூற்றை விரித்தபோது, 'எம் துயரை நீயும் மறந்தனையோ?' என்று அம்மகளிர் என்னை வினவுவது போன்றிருந்தது.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகற்கள் பல உள. ஆநிரைப் பூசலில் பொருது மாண்டோர்க்கும் ஊரார் கல் நாட்டினர். மாண்டமையால் அவ்வீரர்தம் பெருமை குன்றிற்றில்லை. இம்மாவட்டத்தின் வழியே ஓடும் தென்பெண்ணையே திருக்கோவலூரையும் சென்றடைகின்றது. பாரிமகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் அங்குத் தீப்புகுந்தார் என்று முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று உரைக்கும். பெண்ணையாற்றைக் காணுந்தோறும் எனக்கு அம்முதுபுலவர் நினைவே எழுகின்றது. பாரி வென்றிருப்பின் அவர் இந்நெடுவழி நடந்திரார்.

ஆசிரியர்மேல் குறை கூறுதல் என் கருத்தன்று. அன்புடையார் ஒருவனைச் சாகவிட மனம் ஒவ்வாமை குற்றமாகாது. அவ்வன்பே என்னையும் அன்று மகிழ்வித்தது. இப்போது அவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துள்ளேன். ஒன்றில் பாரி வாழ்கின்றான். மற்றொன்றில் அவனை இழந்தோர் வாழ்கின்றனர். முன்னதைப் படித்து மகிழும் மாணவத் தோழர்கள் பின்னதையும் ஒருமுறை விரித்துப் பார்ப்பாராக.