ஒரு டன் மல்லி, ஒன்றரைக் கிலோ கான்கிரீட்

ஒரு டன் குண்டுமல்லியிலிருந்து கிடைப்பது சுமார் ஒன்றரைக் கிலோ கான்கிரீட். கோடைப் பூவாக இருந்தால் கொஞ்சம் கூடும், மழையில் நனைந்த பூ என்றால் குறையும். பிச்சியில் இரண்டரை, மூன்று கிலோ வரை வரும். பூவின் மணமும் மெழுகும் நிறமும் ஒன்றாய் உறைந்த மஞ்சள் பசைக்குத்தான் எங்கள் தொழிலில் கான்கிரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகைக் களைந்தால் பாதிக்குப் பாதி நிற்கும். அது அப்சொல்யூட். வாசனைத் திரவியம் செய்கிற பெரிய நிறுவனங்கள் மதுரைப் பக்கம் கண் வைத்திருப்பது இந்த அப்சொல்யூட்டுக்காக.

மதுரையிலிருந்து நிலக்கோட்டை வரைக்கும் எங்கள் இடத்துக்கு 'சென்ட் ஃபேக்டரி' என்றுதான் பெயர். அங்கே பூவிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்கும் பிரிவு என் பொறுப்பு. இந்த வேலையைப் பற்றி வெளியே பேச்சு வரும்போதெல்லாம் இயந்திரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். தொட்டி எத்தனை லிட்டர், வெற்றிடப் பம்பு எந்த ஊரில் செய்தது என்று. தொட்டியும் பம்பும் பணம் இருந்தால் வந்துவிடும். பூவை எப்போது தொட்டியில் போடுவது, எப்போது நிறுத்துவது என்கிற இரண்டு முடிவுகளில்தான் இந்தத் தொழில் முழுவதும் இருக்கிறது.

முதலில் பூ. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கனத்த இதழ், நீண்ட காம்பு, சீக்கிரம் வாடாத தன்மை என்று இதன் பெருமைகளை ஊரே சொல்லும். நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. நவம்பர் கடைசியில் கவாத்து வெட்டிவிட்டால் செடி புதுத் தளிர் விட்டு, மாசி, பங்குனியில் மொட்டு கொட்டத் தொடங்கும். ஆடி வரைக்கும் வரத்துதான். மார்கழி, தை மாதங்களில் பனியில் செடி மொட்டு வைப்பது அரிது. அப்போது மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், ஃபேக்டரிக்காரன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. சந்தையில் பூ மலிந்து, கட்டுகிறவர்கள் போதும் என்று கை விரிக்கும் மாதங்களில்தான் எங்கள் தொட்டி நிறையும். மிஞ்சிய பூவைத்தான் ஃபேக்டரி வாங்குகிறது என்று விவசாயிகள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மணத்துக்கு என்று விலை வைத்து வாங்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் சரியாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பூ பறிப்பது விடியற்காலையில். பெண்கள் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அவர்கள் பறிப்பது மொட்டு. சரம் கட்டுகிறவர்களுக்கு மொட்டுதான் வேண்டும், சாயங்காலம் தலையில் இருக்கும்போது அது விரிந்தால் போதும். எங்களுக்கு அப்படி இல்லை. மொட்டுக்குள் மணம் கிடையாது, பச்சை வாடைதான் இருக்கும். இதழ் விரியும்போதுதான் பூ தன் மணத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது, தயாரித்தபடியே வெளியே விட்டுக்கொண்டும் இருக்கிறது. செடியை விட்டுப் பறித்த பிறகும் இது நிற்பதில்லை. மல்லிகையின் குணம் இது. எங்கள் வேலை முழுவதையும் தாங்கி நிற்பதும் இதுதான்.

ஆகவே காலையில் வந்த பூவை ராத்திரி வரை வைத்திருக்க வேண்டும். சாக்கோடு வைத்தால் உள்ளே சூடு ஏறி, மதியத்துக்குள் நடுப்பூ வெந்துவிடும். சிமென்ட் தரையைக் கழுவிக் காயவிட்டு, மொட்டை இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புகிறோம். காற்றோட்டம் வேண்டும், ஆனால் மின்விசிறி நேராகப் பூவின்மேல் அடிக்கக் கூடாது. தண்ணீர் தெளிக்கவே கூடாது. சந்தையில் எடைக்காகவும் குளுமைக்காகவும் தெளித்த பூவைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம், விரலில் ஒட்டும். அந்த ஈரம் தொட்டிக்குள் கரைப்பானோடு கலங்கி, பிறகு பிரியாமல் பாடாய்ப் படுத்தும்.

சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு மேல் கூடத்தின் வாடை மாறும். முதலில் பச்சைத்தனம் விலகும். அப்புறம் எலுமிச்சைப் பூவைப் போல லேசாக ஒரு மணம். அதற்குப் பிறகு இனிப்பு வந்து உட்காரும், நெஞ்சுக்குள் இறங்குகிற இனிப்பு. பூ பரப்பும் பெண்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மேல்பரப்பு முழுக்க வெள்ளையாக விரிந்து கிடக்கும்போது புதிதாய் வந்த பையன்கள் அவசரப்படுவார்கள். அவர் குனிந்து அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டுவார். "அடிப்பூ இன்னும் வாயைத் தொறக்கல தம்பி. ஒரு மணி நேரம் பொறு." அவர் சொல்லும் அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கருவியும் எங்களுக்குச் சொன்னதில்லை. அதிகம் பொறுத்தாலும் கெட்டது. நள்ளிரவு தாண்டிப் பூ தளரத் தொடங்கினால் இண்டோல் என்கிற வேதிப்பொருள் தூக்கலாகிவிடும். இண்டோல் அளவோடு இருந்தால் மல்லிக்கு ஆழம் கொடுக்கும், அளவு மீறினால் அழுகல் வாடைதான்.

பிச்சிக்குக் கணக்கே வேறு. அது ராத்திரியில் செடியிலேயே விரிந்துவிடும். விடியுமுன் விரிந்த பூவாகவே பறித்து, வெயில் ஏறும் முன்னே தொட்டிக்குள் போட வேண்டும். காத்திருப்பு கிடையாது, ஓட்டம்தான்.

மல்லிகையின் மணத்தைப் பிடிக்க மனிதர்கள் பல வழிகளைப் பார்த்திருக்கிறார்கள். வடக்கே எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, எள் மணம் ஏறிய பிறகு செக்கில் ஆட்டித் தலைக்கு எண்ணெய் எடுத்தார்கள். அங்கே கன்னோஜ் நகரில் செப்புப் பானையில் பூவை வேகவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கி அத்தர் செய்கிறார்கள். பிரான்சின் கிராஸ் நகரத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பூவை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். ஒரு நாள் முழுக்கப் பூ விட்ட மணத்தை அந்தக் கொழுப்பு வாங்கிக்கொள்ளும், மறுநாள் புதுப்பூ வைப்பார்கள். பறித்த பூ உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்த முறை அது. ஆள்கூலிக்குக் கட்டுப்படியாகாமல் போனது. வெறும் நீராவி மட்டும் மல்லிக்கு ஒத்துவராது. சூட்டில் மணம் சிதைகிறது, கிடைக்கிற எண்ணெயும் சொற்பம்.

நாங்கள் பயன்படுத்துவது ஹெக்சேன் என்கிற கரைப்பான். சுமார் 69 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் பூவை வேகவைக்காமல் பிரித்து எடுத்துவிடலாம். கிராஸ்காரர்களின் கொழுப்பு பூவை உயிரோடு விட்டது. ஹெக்சேன் பட்ட நொடியில் பூவின் உயிர் நின்றுவிடும். அந்த நொடியில் பூ எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைதான் குப்பிக்குள் போகும். பாதி விரிந்த பூவைப் போட்டுவிட்டுப் பிற்பாடு எந்த வித்தையாலும் மீதியை விரிய வைக்க முடியாது.

ஹெக்சேனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு சுவிட்சின் பொறி போதும். அதனால் செல்போன், தீப்பெட்டி, நைலான் சட்டை எல்லாம் வாசலோடு சரி. தொட்டிக்கும் குழாய்க்கும் எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் வால்வைத் திறக்க மாட்டோம். அனுமதி வாங்கி, அதற்கென்று கட்டிய கூடத்தில், பயிற்சி உள்ளவர்கள் மட்டும் செய்கிற வேலை இது. இணையத்தில் பார்த்துவிட்டு வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்க்கலாமா என்று கேட்கும் இளைஞர்களிடம் நான் கோபமாகவே பேசியிருக்கிறேன்.

தொட்டிக்குள் துளைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். பூவை அமுக்காமல் தூவுகிறோம். அமுங்கினால் கரைப்பான் சுற்றி ஓடிவிடும், நடுப்பூ நனையாது. முதல் கழுவலில் மணத்தின் பெரும்பகுதி இறங்கிவிடும். இரண்டாவது கழுவலில் மிச்சம் வரும். மூன்றாவதில் வருவது பெரும்பாலும் மெழுகும் நிறமும். இந்த இடத்தில்தான் தொழிலின் சோதனை. மூன்றாவது கழுவலை நீட்டினால் தராசில் எடை கூடும். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவருக்கு அந்த எண்ணைப் பிடிக்கும். ஆனால் வாங்குகிறவர் அப்சொல்யூட் எடுத்துப் பார்க்கும்போது மெழுகுதான் வடிகட்டியில் குவியும். கான்கிரீட்டின் எடையை வைத்து ஒரு கூடத்தின் திறமையை அளப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் தொழிலில் பாதிக் கேடு அந்த ஒரு எண்ணால் வந்தது.

அடுத்தது ஹெக்சேனை மீட்பது. பெரும்பகுதி சாதாரணமாகவே ஆவியாகித் திரும்ப வந்துவிடும். கடைசிப் பங்குக்குத்தான் வெற்றிடம் வேண்டும். அழுத்தத்தைக் குறைத்து, சூட்டை 50 டிகிரிக்கு மேல் விடாமல் இழுக்கிறோம். மல்லியின் முன்மணமான பென்சைல் அசிடேட்டும் லினலூலும் எளிதில் பறந்துவிடும். அவசரமாக இழுத்தால் ஹெக்சேனோடு அவையும் போய், அடிமணம் மட்டும் கனத்துக் கிடக்கும். பாதியில் நிறுத்தினால் ஹெக்சேன் தங்கும். ஆய்வகத்தில் கருவி எச்சத்தை அளந்து சொல்லிவிடும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் மணம் இருக்கிறதா என்பதற்கு இன்னும் காகிதக் கீற்றுதான். ஒரு துளி தடவி உடனே முகர்ந்து, சாப்பிட்டு வந்து முகர்ந்து, மறுநாள் காலையில் முகர வேண்டும். மறுநாளும் அதில் மல்லி இருக்க வேண்டும்.

அப்சொல்யூட் எடுக்கும்போது குளிரில் வேலை. ஆல்கஹாலில் கரைத்த கான்கிரீட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி வரை குளிர்வித்தால் மெழுகு வெள்ளையாகத் திரண்டு நிற்கும். வடிகட்டி ஆல்கஹாலை மெதுவாக எடுத்துவிட்டால், அடர்ந்த தேன் நிறத்தில் மிஞ்சுவதுதான் அந்த ஒரு டன் பூ. மெழுகும் வீணில்லை, சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் போகிறது.

இவ்வளவு அடர்த்தியான பொருளில் கலப்படம் கண்ணுக்குத் தெரியாது. மல்லி அப்சொல்யூட்டில் நிறமற்ற செயற்கைக் கரைப்பான்களைச் சேர்த்து எடையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. வாசனையில் இது ஏமாற்று, அவ்வளவோடு போகலாம். வேறு துறைகளில் உயிரையே வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் இதே போன்ற பிரித்தெடுக்கும் முறைகளில் கஞ்சாவின் சாரத்தை எடுத்து வேப் என்கிற மின்சிகரெட்டின் குப்பிகளில் அடைக்கிறார்கள். 2019-ல் அங்கே கள்ளச்சந்தைக் குப்பிகளில் சாரத்தைக் கெட்டியாகக் காட்டுவதற்காக வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்தார்கள். அது தோலில் பூசுகிற பொருள், நுரையீரலுக்குள் போகக் கூடாதது. 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். நம் நாட்டில் 1985-ன் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாப் பிசின் குற்றம், மின்சிகரெட்டும் 2019 முதல் தடை. ஆனாலும் அந்தச் செய்தியை நான் எங்கள் தொழிலுக்கான பாடமாகவே படித்தேன். சாரம் எடுக்கிறவன் கைக்கு வரும் பொருளில் எது சேர்ந்திருந்தாலும் அது பல மடங்காகித்தான் அடுத்தவர் கைக்குப் போகிறது.

எங்கள் பூவில் அப்படிச் சேருவது பூச்சிமருந்து. மல்லிக்கு மொட்டுப்புழு பெரிய எதிரி. மொட்டுக்குள் முட்டையிடும் ஒரு சின்ன ஈயும் உண்டு, அது விழுந்தால் மொட்டு ஊதா நிறமாகி விரியாமலே உதிரும். கோடையில் சிவப்புச் சிலந்தி. விவசாயி மருந்து அடிக்காமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பல மருந்துகள் எண்ணெயில் கரைகிறவை, மணம் போகிற வழியிலேயே அவையும் ஹெக்சேனோடு இறங்கிவிடும். ஒரு டன் பூ ஒன்றரைக் கிலோவாகச் சுருங்குகிறது. பூவில் இருந்த மருந்து முழுவதும் அதோடு வந்தால் அறுநூறு மடங்குக்கு மேல் செறிந்துவிடும். அதைப் பிற்பாடு நீக்கப் பார்த்தால் மணமும் சேர்ந்து குறைகிறது. வெளிநாட்டில் பரிசோதனையில் சரக்கு திரும்பினால், நஷ்டம் அந்த ஒரு கூடத்தோடு நிற்காது. மதுரை என்ற பெயரே அடிபடும்.

உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கம் மல்லி போட்டிருக்கும் விவசாயிகளிடம் நான் கேட்பது இதுதான். கவாத்து வெட்டிய செடியை வெயில் படும்படி திறந்துவிடுங்கள், ஊதா மொட்டைப் பார்த்ததும் பறித்து அழியுங்கள், மருந்து அடித்தால் பறிப்புக்கு முன் விட வேண்டிய நாட்களை விடுங்கள். என்ன மருந்து, எந்தத் தேதி என்பதைப் பூவோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஃபேக்டரி நடத்துகிறவர்களிடம் கேட்பது இன்னொன்று. அப்படிச் சொல்லி வரும் சுத்தமான பூவுக்கு, வரத்து மலிந்த மாதத்திலும், சந்தை விலைக்கு மேல் கொடுங்கள்.