வளைந்த டிரம்பெட்

சங்கீத வித்வான்களிடம் பொன்னாடைகளைப் பற்றிக் கேளுங்கள். இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். கச்சேரி நடுவில் தந்தி அறுந்த கதையைக் கேளுங்கள். உங்கள் காப்பி ஆறிப்போகும்!

இத்தகைய கதைகளில் எனக்கு அலாதிப் பிரியம். அமெரிக்க ஜாஸ் வித்வான் டிஸ்ஸி கில்லெஸ்பி தம் சுயசரிதையில் சொல்லியிருப்பதற்கு ஈடாக ஒன்றை நான் கேட்டதில்லை. 1953 ஜனவரி 6. நியூயார்க்கில் ஓர் இரவு விடுதி. அவர் மனைவி லொரெய்னின் பிறந்தநாள் விருந்து. டிரம்பெட்டை மேடையில் நிறுத்திவிட்டு அவர் ஒரு பேட்டிக்காக வெளியே போயிருந்தார். வேடிக்கை செய்துகொண்டிருந்த நடனக்காரர் ஒருவர் தடுமாறி அதன்மேல் விழுந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், குழலின் வாய் வானத்தைப் பார்க்கிறது!

பேரன் என் பேனாவைக் கீழே போட்டு நிப்பை வளைத்த அன்று நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. கில்லெஸ்பியோ, மனைவியின் பிறந்தநாளைக் கெடுக்க மனமின்றி, அந்தக் குழலையே எடுத்து ஊதினார். நசுங்கிய குழலில் பழைய நாதம் வரவில்லை. ஆனால் வந்த விசித்திர ஒலி அவருக்குப் பிடித்துவிட்டது; தாம் வாசிப்பது தம் காதிலேயே சட்டென்று விழுந்தது.

மறுநாள் குழலை நிமிர்த்தி வாங்கினார். மனம் நிமிரவில்லை! வாய் மேல்நோக்கிய குழலொன்றைச் சொல்லிச் செய்வித்து, பிற்பாடு அத்தகைய குழல்களையே வாசித்தார்.

நானும் அன்று மாலையே நிப்பை மாற்றிவிட்டேன். வளைந்ததைக்கொண்டு ஒரு வரி எழுதிப் பார்க்கத் தோன்றவேயில்லை.