அடியிற் படிவது

ஆற்று நீரைக் குடத்தில் மொண்டு வைத்தால் மண் அடியிற் படிய, நீர் மேலே தெளிகின்றது. அத்தெளிவை விரைவாக்கும் பொருட்டுக் குடத்தினுள்ளே தேற்றாங்கொட்டையைத் தேய்த்தனர் நம் முன்னோர். எண்ணெய்க் கிணற்றருகே நிற்கும் பெருந்தொட்டிகளும் இந்நியதி கொண்டே தொழிற்படுகின்றன.

சரவாக்கைச் சேர்ந்த மிரி நகரில், கனடா குன்றின்மீது 1910-ஆம் ஆண்டில் அமைந்ததே இந்நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு. இக்காலத்தில் கிணறு துளைப்போர் களிமண் குழம்பொன்றைக் குழாய்வழியே உட்செலுத்துகின்றனர். அது துளைக்கும் அலகைக் குளிர்வித்து, நொறுங்கிய கல்லையும் மணலையும் சுமந்துகொண்டு மேலே வருகின்றது. பெருந்துண்டுகளைச் சல்லடை பிரிக்கும். எஞ்சிய மணல் தொட்டியிலே தானே படிதல் வேண்டும். நுண்துகளின் விட்டம் பாதியானால் அது படியும் வேகம் நாலிலொரு பங்காகிவிடும். 1851-ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் கண்ட விதி இது. ஆதலின் இடமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். 500 பீப்பாய், அதாவது ஏறத்தாழ 80,000 லிட்டர் கொள்ளும் தொட்டி இவ்வேலையில் சாதாரணம்.

இத்தகைய தொட்டிகள் பழையனவாகிக் குறைந்த விலைக்கு வருவதுண்டு. யான் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி. ஆலைக் கழிவுநீரின் சேற்றைப் படிய வைக்க உதவுமென்று அத்தகைய தொட்டியொன்றின் விலைச்சீட்டு என் மேசைக்கு வந்தது. நீளம், அகலம், இரும்பின் தடிப்பு, விலை யாவும் அதில் இருந்தன. முன்னர் அதனுள் என்ன இருந்தது என்னும் செய்தி ஒன்றுதான் இல்லை.

அஃதன்றோ உயிர்ச் செய்தி! அடியிற் கிடக்கும் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழக்கூடும். காற்றினும் கனமானதாகலின் அது தாழ்ந்தே தங்கும். முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்களவில் நாசியே மரத்துப்போம். நாற்றம் நின்றதென்று மகிழ்பவன் மாள்கின்றான். அவனைத் தூக்க இறங்கியவனும் உடன் மாள்கின்றான். கழுவித் துடைத்த தொட்டியும் நம்பத்தக்கதன்று. மூடிக் கிடக்கையில் இரும்புத் துரு உள்ளிருக்கும் பிராணவாயுவை உண்டுவிடும். எண்ணெயின் ஆவி எஞ்சிய தொட்டியிற் பற்றவைப்பு வேலை செய்தாலோ, வெடிக்கும்.

இவை யாவும் தொட்டியின் மேல் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றிருக்கலாம். வாளியுடன் உள்ளே இறங்குபவனோ தமிழன், வங்காளி, இந்தோனேசியன். எழுத்தைப் படிக்க வல்ல நாம் மின்விசிறியின் கீழ் இருக்கின்றோம். இறங்குபவனுக்கு அது வெறுங் கோலம். பின்னர் அவன் இறந்தால் விதியென்கின்றோம். மணல் படிதற்கு விதியுண்டு. மனிதன் அங்ஙனம் மாள்வதற்கு யாதொரு விதியும் இல்லை.

அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கு 2010-ஆம் ஆண்டில் மலேசியாவில் ஒரு தொழில் நெறிமுறை வகுக்கப்பட்டது. இறங்குமுன் காற்றை அளத்தல் வேண்டும், பிராணவாயு 19.5 விழுக்காட்டிற்குக் குறைதலாகாது. எழுத்து மூலமான அனுமதி வேண்டும். வாயிலில் ஒருவன் காவல் நிற்றல் வேண்டும்.

தொட்டியில் இருந்தது யாது, கழுவியவர் யார், வாயுவை அளந்த சான்று எங்கே என மூன்று கேள்விகளை விற்பவருக்கு எழுதியுள்ளேன். விடை வந்தபின்னரே அச்சீட்டு நிர்வாகியின் கையெழுத்துக்குச் செல்லும். அவ்விடையை மண்டோரிடமும் ஆட்களிடமும் அவரவர் மொழியிலே படித்துக் காட்டல் என் கடன். தோழர்களே, ஆங்கிலம் கற்ற கிராணிமார் ஒவ்வொருவருக்கும் இக்கடன் உண்டு. சம்பளப் புத்தகத்தில் ஒரு பெயரைக் கோடிட்டு அடிப்பதினும் இஃது எளிய வேலையே.